எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்

1993ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து முகூர்த்த நாளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் கேஷில் ஐயாயிரம் ரூபாய் குறைந்தது. காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்து வங்கிக் கிளையில் நான் அப்போது கேஷியராக இருந்தேன். அன்று பணம் எடுக்க வந்த கூட்டம் வாசல் படிவரை நின்றது. அந்த நெரிசலில் யாரோ ஒருவருக்கு ஐம்பது ரூபாய்க் கட்டுக்குப் பதிலாக நூறு ரூபாய்க் கட்டை எடுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு கட்டுக்கு நூறு தாள் என்பதால் வித்தியாசம் சரியாக ஐயாயிரம். குறையும் தொகை இப்படி முழுதாக வந்து நின்றால், எண்ணிக்கையில் பிழையில்லை, கட்டுதான் மாறியிருக்கிறது என்று எந்தக் கேஷியருக்கும் உடனே புரிந்துவிடும்.

கேஷில் குறைந்தால் கேஷியர் அன்றைக்கே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால் அது வங்கியின் உதிரிக் கணக்கில் வரவு வைக்கப்படும். இந்த இழப்புகளை ஈடுசெய்யத்தான் மாதாமாதம் கேஷ் அலவன்ஸ் தருகிறோம் என்பது நிர்வாகத்தின் வாதம். அந்த அலவன்ஸை எத்தனை ஆண்டுகள் சேர்த்தால் ஐயாயிரம் வரும் என்று அன்று மாலை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைமாற்றுக் கொடுத்துக் கணக்கை முடிக்க உதவினார்கள். காசோலைகளின் பின்புறம் குறித்து வைத்திருந்த தாள் விவரத்தைப் புரட்டியபோது, ஐம்பது ரூபாய்க் கட்டு வாங்கியவர்கள் மூன்று பேர் என்று தெரிந்தது. இருவர் வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். தங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். மூன்றாமவர் ஓர் அரிசி ஆலையின் கணக்குப்பிள்ளை. அன்று அவர் வெளியூர் போயிருந்தார்.

மறுநாள் காலை வங்கி திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து அந்தக் கட்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்தும் தேதியும் இருந்த மேல்தாள் அப்படியே இருந்தது, பின்கூடப் பிரிக்கப்படவில்லை. நான் கைகூப்பினேன். அவர் சற்றுக் கூச்சத்தோடு சொன்னது இன்றுவரை எனக்கு மறக்கவில்லை: "பேங்க் காசா இருந்தா யோசிச்சிருப்பேன் சார். உங்க கைக்காசு போகும்னு ராத்திரி ஒருத்தர் சொன்னாரு. அதான் விடிஞ்சதும் ஓடியாந்தேன்."

அவரைத் திருடர் என்று யாரும் சொல்ல முடியாது. ஐயாயிரம் ரூபாயைத் தேடி வந்து கொடுத்த மனிதர், கொடுக்காமல் இருந்திருக்கக்கூடிய சாத்தியத்தையும் சேர்த்தே என்னிடம் ஒப்படைத்தார் என்றால், அது அவருடைய நேர்மையின் கூடுதல் பகுதி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்த வாக்கியம் என் வேலையையே வேறு கோணத்தில் பார்க்க வைத்தது. பணம் அதேதான், அதைப் பெற்ற விதமும் அதேதான். இழப்பவர் ஒரு நிறுவனமா, சட்டைப்பையில் பேனா செருகிய ஓர் ஆளா என்பதை வைத்தே அவருக்கு அது தவறாகவும் தவறில்லாததாகவும் தோன்றியிருக்கிறது. பிறகு வந்த ஆண்டுகளில் கவுன்ட்டரின் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தவரை, மிகப் பெரும்பாலோரின் தராசு இதுதான். என்னுடையதும்.

கள்ள நோட்டு விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, புற ஊதா விளக்கின் கீழ் காட்டி, இது நல்ல நோட்டில்லை என்று சொன்னால், எதிரில் நிற்பவர் முதலில் சொல்வது "நானா அச்சடிச்சேன்?" என்பதுதான். இரண்டாவதாகச் சொல்வது "திருப்பிக் குடுங்க, வந்த வழியிலேயே அனுப்பிடுறேன்" என்பது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது, கிழித்துப் போடவும் கூடாது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கள்ள நோட்டு என்று முத்திரையிட்டுப் பறிமுதல் செய்து, பதிவேட்டில் ஏற்றி, ரசீது தர வேண்டும். அதற்கு ஈடாக ஒரு பைசாவும் கிடையாது. இன்றைய நடைமுறையில், ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள்வரை இருந்தால் மாத அறிக்கையாகக் காவல்துறைக்குப் போகும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். பறிமுதல் செய்யத் தவறினால், அந்த வங்கியே வேண்டுமென்று கள்ள நோட்டைப் புழக்கத்தில் விட்டதாகக் கருதப்படும். கள்ளத் தாள் என்று தெரிந்த பிறகும் அதை நல்ல தாளாகச் செலவிடுவது, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 489பி பிரிவிலும் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 179ஆம் பிரிவிலும், ஆயுள் தண்டனைவரை கிடைக்கக்கூடிய குற்றம்.

இந்தச் சட்டம் எதுவும் தெரியாமல் மக்கள் அப்படிக் கேட்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. கள்ள நோட்டு குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அச்சடித்தவன் குற்றவாளி, தானோ ஏமாந்தவன். ஏமாந்தவன் தன் நஷ்டத்தை இன்னொருவர் தலையில் இறக்கி வைப்பது குற்றம் என்ற கணக்கில் வராது என்பதே அவர்களின் தீர்ப்பு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்துக் கடைக்காரரிடம் மாற்றமாட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டரிடம் சாயங்கால இருட்டில் கொடுப்பார்கள், அல்லது வெளியூர் போகும்போது பெட்ரோல் பங்க்கில் கொடுப்பார்கள். முகம் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் நஷ்டத்தை இறக்குவார்கள்.

நான் மட்டும் என்ன செய்தேன்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதானவர்கள் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால், "இது ஆகாது பெரியவரே, வேற குடுங்க" என்று தள்ளிவிட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது ஏதோ புண்ணியம் செய்ததுபோல மனம் லேசாக இருக்கும். அந்தத் தாள் அடுத்து எந்தத் தள்ளுவண்டிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரியவந்ததில்லை. தெரியவராததால்தான் மனம் லேசாக இருந்தது என்பது புரிய எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. பிறகு முத்திரை குத்தத் தொடங்கினேன். அப்படி முத்திரை வாங்கிய முதல் மனிதர், களை பறிக்கும் கூலியில் வந்த தாள் அது என்று சொல்லிவிட்டு, ரசீதை நான்காக மடித்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு போனார். விதிப்படி நடந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விதியை மீறிய நாட்களில் நன்றாகத் தூங்கினேன். மனசாட்சி சொல்வதைக் கேட்டால் போதும் என்று யாராவது பேசினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கிழிந்த நோட்டில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாளில் ஒரே துண்டாக எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, நாற்பதிலிருந்து எண்பது சதவீதம்வரை இருந்தால் பாதி, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. அளந்து பார்த்துச் சொல்லிவிடலாம். சொன்னால் யாரும் சண்டைக்கு வரவும் மாட்டார்கள்.

நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பது டிராயரில் இருந்த கவரைப் பற்றி.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த கேஷியர், முதல் வாரத்திலேயே ஒரு பழுப்பு நிறக் கவரைக் காட்டினார். பத்து, இருபது, ஐம்பது என்று அவ்வப்போது கேஷில் கூடும் சில்லறைத் தொகைகளை உதிரிக் கணக்கில் வைக்காமல் அதில் போட்டு வைப்பார். என்றைக்காவது குறையும்போது அதிலிருந்து எடுத்துச் சரிக்கட்டுவார். "கூடினா அவங்களுக்கு, குறைஞ்சா நமக்கு. இது என்ன நியாயம் தம்பி?" என்பார். அந்தக் கவரிலிருந்து அவர் ஒரு டீ குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. அத்தனை கறாரான மனிதர். தணிக்கையாளர் கண்ணில் பட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும், அதற்கு மேலும் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அது தவறு என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. பெரிய நிறுவனத்தின் ஒருதலைப்பட்சமான விதிக்குச் சிறிய ஊழியன் கண்டுபிடித்த எளிய மருந்து என்றே நினைத்தோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு என் டிராயரிலும் ஒரு கவர் வந்து சேர்ந்தது.

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். ஒரு நாள் மாலை என் கேஷில் நூறு ரூபாய் கூடியிருந்தது, கவரில் போட்டேன். மறுநாள் பதினோரு மணிக்கு, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒருவர் வரிசையில் நிற்காமல் ஓரமாக வந்து நின்றார். முந்தின நாள் இரண்டாயிரம் ரூபாய் எடுத்தாராம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டப் போன இடத்தில் எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் இருந்ததாம். "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க குறைச்சுக் குடுத்தீங்கன்னு சொல்லல. எங்கனாச்சும் விழுந்திருக்குமான்னு..." என்று அவரே எனக்காக வாதாடினார்.

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்த நூறு ரூபாய் என் முழங்காலுக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், நேற்றுக் கூடியதை ஏன் கணக்கில் காட்டவில்லை என்ற கேள்விக்கு மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டும். என் பணமென்று சொல்லிக் கொடுத்தாலோ, குறைத்துக் கொடுத்ததை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் கையால் காட்டினேன். 'பணத்தைப் பெற்றவுடன் எண்ணிப் பார்த்துக்கொள்ளவும். பின்னர் வரும் புகார்கள் ஏற்கப்படமாட்டா.' அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகம் தெரிந்தால் மனிதர்கள் இளகுவார்கள் என்று அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளையை வைத்து நான் கட்டி வைத்திருந்த கருத்து, என்னாலேயே அன்று பொய்த்துப்போனது. அந்த அம்மாளின் முகம் எனக்கு நேர் எதிரே இரண்டடியில் இருந்தது. கவரில் பணம் போட்ட கணத்தில், எதிரில் இருப்பது வங்கி என்று நினைத்தேன். உண்மையில் அது யாரோ ஒருவர் குறைவாக வாங்கிக்கொண்டு போன பணம். கேஷில் கூடும் பணத்தில் பெரும்பகுதி அப்படி வருவதுதான். பதின்மூன்று ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? கவர் நியாயமானது என்று முன்பே ஒருமுறை தீர்ப்பெழுதி வைத்துவிட்டதால், மறுபடி யோசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த வாரமே கவரில் இருந்த முந்நூற்றுச் சொச்சத்தை உதிரிக் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். அது அந்த அம்மாளுக்கு எந்தவிதத்திலும் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டு நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்து, 10ஆம் தேதி வங்கி திறந்தபோது, நான் வேறு ஊரில் அதே கவுன்ட்டர் வேலையில் இருந்தேன். மாற்றிக்கொள்ளும் உச்சவரம்பு நாலாயிரம் என்றார்கள், பிறகு நாலாயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம், 24ஆம் தேதியோடு அதுவும் நின்றது. விதி இப்படி நாளுக்கொன்றாக மாறிய அந்த இரண்டு வாரங்களில், வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். அது மட்டும் மாறவில்லை. கைக்குழந்தைக்காரரை முன்னால் விட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள். மேனேஜருக்குத் தெரிந்தவர் என்று பக்கவாட்டுக் கதவில் நுழைந்த ஜவுளிக்கடைக்காரரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இரண்டுமே வரிசையை மீறுவதுதான் என்றாலும், எது சலுகை எது அநியாயம் என்பதில் அந்த இருநூறு பேருக்குள் ஒரு கருத்து வேறுபாடுகூட எழவில்லை. என் வேலைக்காலத்தில் நான் பார்த்த மிக விரைவான நீதிமன்றம் அதுதான்.

அந்த நாட்களில் பெண்கள் பலர் அரிசிப் பானையிலும் பழைய புடவை மடிப்பிலும் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் முப்பத்திரண்டாயிரம் ரூபாயைத் தன் கணக்கில் கட்டிவிட்டு, "அவருக்குத் தெரிய வேணாம் அண்ணே" என்றார். மாலையில் அவருடைய கணவரே டீக்கடையில் என்னைப் பிடித்து, "நம்ம வீட்டுல ஏதாச்சும் கட்டுனாங்களா?" என்று விசாரித்தார். அடுத்தவர் கணக்கு விவரம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது எனக்கு நிம்மதியாக இருந்த நாள் அது ஒன்றுதான். கணவனிடம் மறைப்பது தவறில்லையா என்று ஒரு சக ஊழியர் பிறகு என்னோடு வாதாடினார். குடிக்குப் போகாமல் பிள்ளைகளுக்காக மிச்சம் பிடித்தது எப்படித் தவறாகும் என்று நான் கேட்டேன். அந்தக் கணவர் குடிப்பவரா என்பதே எனக்குத் தெரியாது என்பது, வாதம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஓய்வு பெற்று முதல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். பூக்கார அம்மாள் இன்னும் கோயில் வாசலில்தான் இருக்கிறார், மகளுக்குத் திருமணமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம்தான் பூ வாங்குகிறேன். விலை கேட்பதில்லை, மீதிச் சில்லறை வாங்குவதில்லை. நூறு ரூபாய் இதற்குள் பல மடங்காகத் திரும்பியிருக்கும். ஆனால் எதற்காகத் தருகிறேன் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, ஆகவே அது எந்தக் கணக்கிலும் சேராது. போன வாரம் என் மனைவியும் உடன் வந்திருந்தார். அந்த அம்மாள் முழங்கையை நீட்டி இரண்டு முழம் அளந்து, கொசுறாக ஒரு சாண் விட்டுக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைப் பெண்ணிடம் சொன்னார்: "பேங்க் சார் பத்து பைசா பேரம் பேச மாட்டாரு. அந்தக் காலத்துலேருந்தே அப்படித்தான், நல்ல மனுஷர்."