கிணற்றடிக்கு வந்த ஆறுமணிக்குருவி

போன கார்த்திகையில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. குளிர்நாட்டுக்காரர்கள் தோட்டத்தில் தீனித்தட்டைத் தொங்கவிட்டு, ஜன்னலுக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பறவைகளைப் படமெடுக்கும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்துத் தொலைத்திருந்தேன். கேரள மலையூரான நம்ம மறையூரிலும் குளிருக்குக் குறைச்சல் இல்லை. மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்டாமல் கொல்லைக்குப் போக முடியாது. ஒரு பக்கம் சின்னார் காடு, ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் கொய்யாவும் பப்பாளியும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது மறையூரிலும் முகாம் போட்டிருக்கிறார். அவர் தேடி வந்த ஊரில் பிறந்தவன் தட்டு வைத்தால் பறவை வராமலா போகும் என்று நினைத்தேன்.

அம்மா ஒதுக்கிப் போட்டிருந்த அலுமினியத் தட்டில் மூன்று ஓட்டை போட்டு, கம்பி கட்டிக் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டேன். கம்பும் தினையும் இரண்டு கை. முதல் நாள் அணில். இரண்டாம் நாள் அணில், அதன் சொந்தக்காரர்கள். மூன்றாம் நாள் காக்கை வந்து உட்கார்ந்த கனத்தில் தட்டு கவிழ்ந்தது. அப்புறம் நான்கு நாள் விடாத மழை. தட்டில் தண்ணீர் நின்று கம்பு முளைவிட்டுவிட்டது, அடியில் பச்சைப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த தானியம் பறவைகளுக்கு விஷம் மாதிரி. எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, தட்டின் அடியில் ஆணியால் நிறையத் துளை போட்டேன். அன்றிலிருந்து, சாயங்காலத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும்தான் வைக்கிறேன். வாரம் ஒருமுறை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைப்பதும் உண்டு.

தானியத்துக்குப் புள்ளிப்புறாவும் சில்லைகளும் வந்தன. கிளையில் ஆணியடித்துப் பப்பாளித் துண்டைக் குத்தி வைத்ததும் கூட்டம் மாறியது. செம்மீசைச் சின்னான் ஜோடியாக வந்தது, பச்சைக் குக்குறுவான் தனியாக வந்து முழுத்துண்டையும் தனக்கே என்று காவல் காத்தது. தவிட்டுக்குருவிகள் வந்தால் சந்தைக்கடைதான். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் இவை எல்லாம் ஆடி மாதத்திலும் இங்கேயே சுற்றுகிற உள்ளூர்க்காரர்கள். குளிருக்கென்று வடக்கேயிருந்து வருகிற ஒன்றுகூடத் தட்டுப் பக்கம் திரும்பவில்லை. பழுப்புக் கீச்சான் வேலிக்கம்பியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தும். சாம்பல் வாலாட்டி வாய்க்கால் ஓரமாக வாலை ஆட்டிக்கொண்டு போகும். இரண்டுக்கும் என் தினை தூசுக்குச் சமானம்.

யோசித்தபோதுதான் உறைத்தது. குளிர்நாடுகளில் பனி மூடித் தீனி கிடைக்காமல் போவதால் பறவைகள் தட்டுக்கு வருகின்றன. இங்கே வரும் விருந்தாளிகளில் பெரும்பாலானவை புழு பூச்சி தின்பவை. வடக்கே குளிரில் பூச்சி அற்றுப்போவதால்தானே நம்மூருக்கே இறங்கி வருகின்றன! அவர்களுக்குக் கம்பு போட்டு என்ன பயன்?

சரி என்று திட்டத்தை மாற்றினேன். அகலமான மண்சட்டி ஒன்றைக் கிணற்றடியில் வைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். மேலே பழைய பாட்டிலில் ஊசித்துளை போட்டுச் சொட்டவிட்டேன். அந்தச் சொட்டுச் சத்தம்தான் இழுக்கிறது என்பது என் அனுபவம். பாட்டில் காலியான நாட்களில் வரவும் பாதிதான். கொசு பிடிக்காமலிருக்கத் தினமும் தண்ணீரை மாற்றிவிடுவேன். இன்னொரு வேலை, சட்டிக்குப் பின்னால் விழும் பலா இலைச் சருகை அப்படியே விட்டது. இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை.

"ஏன்டா, பாம்பு வந்து படுக்கணும்னா குப்பையைச் சேத்து வைக்கிற?" என்று அம்மா விளக்குமாறோடு நின்றார். நியாயமான கேள்விதான். கடைசியில் பாத்திரம் துலக்கும் பக்கம் அவருக்கு, பலாவின் அந்தப் பக்கம் எனக்கு என்று ஒப்பந்தமானது.

தை பிறப்பதற்கு முந்தின வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், பலாவுக்குப் பின்னாலிருந்து இரட்டை விசில். பக்கத்து வீட்டுச் சேட்டன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "காவியல்லே அது!" என்றார். மலையாளத்தில் காவி, நமக்கு ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. சருகை அலகால் புரட்டிப் புரட்டி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணில் மை இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. மூச்சுவிட மறந்து நின்றேன். கேமரா உள்ளே மேசைமேல்!

அடுத்த நாளிலிருந்து சமையலறை ஜன்னல்தான் என் மறைவிடம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. என்னிடம் இருப்பது பழசாக வாங்கிய கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும். தட்டில் உட்கார்ந்த பறவையை எடுத்தால் படத்தில் தட்டுதான் தெரியும். அதனால் தட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த கொய்யாக் கொம்பைக் கட்டினேன். பறவை முதலில் அதில் இறங்கி நோட்டம் பார்த்த பிறகே தீனிக்குப் போகிறது. அந்த ஒரு நொடிதான் படம். சின்னான்களுக்கு வெயில் ஏறியபின் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தால் இறகுகூடத் துல்லியம்.

ஆறுமணிக்குருவியிடம் அந்தக் கணக்கு எடுபடவில்லை. அது வரும் நேரம் வெளிச்சமே கிடையாது. கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு மேல் போக முடியவில்லை. ஃபிளாஷ் அடிக்க மனமில்லை, கூவலை போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் பிடிக்காது. பசியோடு இரை தேடுகிறதை எதற்கு ஏமாற்றவேண்டும்? முதல் வாரம் முழுக்கக் கிடைத்தது பச்சைத் தீற்றல்தான். பிறகு கவனித்தேன், நாலு தத்து தத்தும், சிலைபோல நிற்கும், மறுபடி தத்தும். மணல் நிரப்பிய உரப்பையை ஜன்னல் கட்டையில் போட்டு லென்ஸை அதில் புதைத்து, நிற்கும்போது மட்டும் அமுக்கினேன்.

மாசி முதல் வாரக் கணக்கு: அதை எடுத்த படங்கள் 412, கண் துல்லியமாக விழுந்தவை மூன்று. அதில் ஒன்று நான் ஆசைப்பட்டபடியே, தலையைச் சாய்த்து, அலகில் மண்புழுவோடு. பெரிதாக்கி அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகாத்தான்டா இருக்கு. பின்னாடி அந்தச் சிவப்புக் கப்பை எடுத்து வச்சிருக்கலாம்ல?"

பார்த்தால், ஓரத்தில் நம் வீட்டுப் பிளாஸ்டிக் குளியல் கப்.