18:00 மணிக்கு எது முதலில்? என் சிமுலேட்டரின் இரண்டாம் பதிப்பு

போன சனிக்கிழமை ராத்திரி, என் சிமுலேட்டரை (பல கணினிகள் வேலை செய்வதை ஒரே கணினியில் நடித்துக் காட்டும் நிரல்), கணினிப் பட்டியலைக் கலைத்துக் கலைத்து 20 தடவை ஓட்டினேன். 20 தடவையும் ஒரே விடை, கடைசி இலக்கம் வரை. மூன்று மாதமாக இந்த ஒன்றுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு, ஃபீனிக்ஸில் சித்தப்பா வீடு, டோங்காட்டில் அத்தை வீடு என்று மொத்தம் 12 பழைய கணினிகள். கல்யாணம், காவடி என்று அலமாரியில் கிடக்கும் வீடியோ டேப்புகளை டிஜிட்டலாக மாற்றும் வேலையைத் துண்டு போட்டு இவற்றுக்குப் பங்கிட்டால், லோட் ஷெடிங்கில், அதாவது பகுதி பகுதியாக அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தும்போது, எவ்வளவு உழைப்பு வீணாகும்? கேள்வி இவ்வளவுதான். முதல் பதிப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி இழை) வைத்தேன். 12-க்கு நன்றாக ஓடியது. 3,000 என்று ஏற்றியதும் திணறியது. அதைவிட மோசம், ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை.

இந்த வழியில் பெரிய ஆட்களும் நடந்திருக்கிறார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யாவின் குழு செய்த கிரிட்சிம் என்ற சிமுலேட்டர், சிம்ஜாவா என்ற ஜாவா சிமுலேஷன் நூலகத்தின் மேல் கட்டியது. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி த்ரெட். அதன் வழி வந்த கிளவுட்சிம்மும் முதலில் சிம்ஜாவாவின் மேல்தான் நின்றது. பிறகு அந்த அடித்தளத்தையே கழற்றிவிட்டுச் நிகழ்வுகளை நேர வரிசையில் எடுத்து ஓட்டும் எந்திரத்தைச் சொந்தமாக எழுதினார்கள். த்ரெட் சுமை ஒரு காரணம். ஓடிக்கொண்டிருக்கும்போது புது உறுப்பைச் சேர்க்க முடியாதது இன்னொன்று. இதைப் படித்த அன்றே நானும் த்ரெட்டுகளைத் தூக்கிவிட்டேன். இப்போது ஒரே த்ரெட், ஒரே ஹீப் (அடுத்து நடக்க வேண்டிய நிகழ்வை முதலில் எடுத்துத் தரும் வரிசை). ஒவ்வொரு கணினியும் ஒரு பைத்தான் ஜெனரேட்டர், அதாவது நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரல் துண்டு.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். த்ரெட் போன பிறகும் கணக்கு இடித்தது. பட்டியலில் சித்தப்பா வீட்டை மேலே போட்டால் ஒரு எண்ணிக்கை, கீழே போட்டால் வேறு. இரண்டு வாரம் தேடி, கடைசியில் 18:00 மணியில் பிடித்தேன். மின்சாரம் போவதும் 18:00. 16:00-க்குத் தொடங்கிய இரண்டு மணி நேரத் துண்டு முடிவதும் 18:00. மின்தடை முந்தினால் துண்டு குப்பைக்குப் போகும், துண்டு முந்தினால் கணக்கில் ஏறும். எது முந்துவது என்று நான் சொல்லவே இல்லை, அதனால் ஹீப்புக்குள் எது முதலில் போனதோ அதுவே முந்தியது. நிஜத்தில் இப்படி ஒரே கணத்தில் மோதுவது அபூர்வம். ஆனால் அட்டவணையும் முழு மணி, துண்டும் முழு மணி என்று வைத்ததால் நாள் முழுக்க மோதல்.

இன்னொன்றும் இருந்தது. ஃபீனிக்ஸ் இருளும் அதே கணத்தில் சாட்ஸ்வர்த்துக்கு மின்சாரம் வரும். போவதை முதலில் எடுத்தால், பங்கீடு செய்யும் பகுதி ஒரு கணினியும் இல்லை என்று நினைத்து ஐந்து நிமிடம் தூங்கிவிடும். ஆகவே இப்போது வரிசை இது: முதலில் துண்டு முடிவது, பிறகு மின்சாரம் வருவது, பிறகு போவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் பங்கீடு. அதுவும் சமமானால் கணினியின் பெயர் வரிசை.

இதற்கு நேரமும் சுத்தமாக இருக்க வேண்டும். முன்பு தசம எண்ணில் வைத்திருந்தேன். வேலையை வேகத்தால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனால், 18:00 மணிக்கு 64,800 நொடி என்று வர வேண்டிய இடத்தில் 64,800.00000000001 வந்து நிற்கும். ஒரே கணம் என்பதே இல்லாமல் போகும். இப்போது எல்லாம் முழு எண் மைக்ரோநொடி.

அப்புறம் பேய் நிகழ்வுகள். மின்சாரம் போன கணினியின் பழைய முடிவு ஹீப்பிலேயே கிடந்து, 18:40-க்கு இருட்டில் எழுந்து ‘முடிந்தது’ என்று சொல்லும். நடுவிலிருந்து பிடுங்குவது செலவு. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தவணை எண் கொடுத்தேன். மின்சாரம் போனால் எண் ஒன்று கூடும். எண் பொருந்தாத நிகழ்வு வெளியே வந்ததும் எறிந்துவிடுகிறேன்.

டவுனில் ஒரு கடையில் பழைய யுபிஎஸ் வாங்கினேன். அரை மணி நேரம் தாங்கும் என்று அடித்துச் சொன்னார்கள். 7 நிமிடத்தில் படுத்துவிட்டது. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது. இனி நானே அளந்த எண்ணைத்தான் சிமுலேட்டரில் போடுவேன்.

அடுத்தது நெட்வொர்க். 1999-இல் ஹென்றி காசனோவா தொடங்கிய சிம்கிரிட் என்ற சிமுலேட்டர், பல தரவு ஓட்டங்கள் ஒரே இணைப்பைப் பகிரும்போது பாக்கெட் பாக்கெட்டாக (தரவின் சிறு சிறு பொட்டலமாக) பின்தொடராமல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று மொத்தமாகத் தீர்த்துவிடுகிறது. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அது வந்துவிட்டால் மொரீஷியஸில் இருக்கும் அக்கா வீட்டையும் சேர்க்கலாம். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோநொடி. கேபிள் 3,000 கிலோமீட்டர் என்று வைத்தால் போவதற்கு மட்டும் 15 மில்லிநொடி.

அதற்கு முன் ஒரு பாக்கி. சித்தப்பா வாங்கப்போகும் இன்வெர்ட்டர் சரியாக 2 மணி நேரம் தாங்குமாம். மின்தடையும் 2 மணி நேரம். பேட்டரி தீர்வதும் மின்சாரம் வருவதும் ஒரே கணத்தில்! இப்போதைக்குத் தீர்வதை மின்சாரம் வருவதற்குப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.