இடுகாட்டுப் பாதைக்காகச் சட்டமன்றம் வரை: எங்கள் தோட்டத்து அனுபவம்

அம்மாவின் உடலோடு அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றோம். மழை படாமலிருக்கப் பூட்டின்மேல் யாரோ நீல நிறப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பையைத்தான். சாவி வைத்திருந்த காவலாளி செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டின் மறுகோடியில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயும் சரியாக வராது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். என் அண்ணன் மகன் கதவின்மேல் ஏறிக் குதித்து அவரைத் தேடி ஓடினான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், அம்மா முப்பத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய தோட்டம் அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் போயின, நாங்கள் பட்டணத்தோரம் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டோம். இடுகாடு மட்டும் உள்ளேயே இருக்கிறது. அப்பா அங்கே, பாட்டி அங்கே, பிறந்த மூன்றாம் நாள் போன என் தங்கையும் அங்கே. தோட்டம் கைமாறியதும் புதிய உரிமையாளர் கதவு போட்டார். பழம் திருடு போகிறது என்றார்கள். இருக்கலாம். ஆனால் பிணத்துக்கு வழிவிடாத கதவை எப்படி ஏற்றுக்கொள்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கோவில் நிர்வாகக் குழு கூடியது. நான் தமிழ்ப்பள்ளியில் அலுவலகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே சட்டமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தால்தான் இது நகரும் என்று முடிவு செய்தோம். கேள்வி அவைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அதில் பாதி, யாரிடம் போவது என்று தெரியாமல் நாங்கள் வீணடித்த காலம். பேராக்கில் இன்னும் எத்தனையோ தோட்டங்களில் இதே கதவு நிற்கிறது என்பதால் எழுதுகிறேன்.

மகஜர் எழுதியது, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. 112 கையெழுத்துகள். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்தோம். மேசையில் இருந்த பையன் வாங்கி ஒரு கோப்பில் செருகிக்கொண்டு, "ஐயாவிடம் சொல்லிவிடுகிறேன் அக்கா" என்றான். முகம் நல்ல முகம். நம்பி வந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்துப் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். மகஜர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி, அம்மா?" என்று புதிதாக வந்த பெண் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்தவள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வந்திருக்கிறேன். துக்கத்தில் இருந்தேன் என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் எங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் முத்திரை விழும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

அதன்பின் உறுப்பினரையே நேரில் பிடித்தோம். ஆடிமாத அம்மன் திருவிழாவுக்கு வந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, நான் ஆளும் தரப்பு. என் இஷ்டத்துக்குக் கேள்வி போட முடியாது. எங்கள் தலைவர் பட்டியலைப் பார்த்துச் சரி என்றால்தான் போகும். நீங்கள் தலைவரைப் பார்த்துவிடுங்கள்" என்றார்.

எந்தத் தலைவர் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்காததால் ஒரு முழு நாள் போயிற்று.

நானும் கோவில் தலைவரும் விடியற்காலை பஸ் பிடித்து மாநிலத் தலைநகர் ஈப்போவுக்குப் போனோம். கட்சியின் மாநில அலுவலகத்தில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். பத்து மணிக்கு, "தலைவர் வரவில்லை." பதினொன்றுக்கு, "காத்திருங்கள்." கோவில் தலைவருக்கு எழுபத்திரண்டு வயது, இனிப்புநீர்க்காரர். பக்கத்து ஒட்டுக்கடையில் கோப்பியும் இரண்டு ரொட்டியும் வாங்கிக் கொடுத்துத் தாக்காட்டினேன். மதியம் ஒரு மணிக்கு உள்ளேயிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுச் சொன்னார்: "மாநிலத் தலைவர் கோலாலம்பூரில் இருக்கிறார், அம்மா. அவர் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்றத்தில் அவருக்கு இடமே கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது சட்டமன்றத்தில் எங்கள் குழுவுக்குத் தலைவராக இருப்பவரை."

இதைக் காலை ஒன்பது மணிக்கே அந்த வரவேற்பு மேசையில் சொல்லியிருக்கலாம். நான்கு மணி நேரம் அந்தக் கிழவரை உட்கார வைத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒரு கட்சியில் "தலைவர்" என்று மூன்று பேர் இருக்கக்கூடும். மாநிலத்தில் கட்சியை நடத்துபவர் ஒருவர். அவர் நாடாளுமன்றத்தில் இருக்கலாம், எந்த அவையிலும் இல்லாமலும் இருக்கலாம். அவைக்குள் அந்தக் கட்சியின் உறுப்பினர்களைக் கட்டி மேய்ப்பவர் வேறொருவர். யார் பேசுவது, எந்தக் கேள்வி போவது, வாக்கெடுப்பில் எல்லோரும் இருக்கிறார்களா என்பதெல்லாம் அவரும் கொறடாவும் பார்க்கிற வேலை. உங்கள் ஊர்க் கிளைத் தலைவர் மூன்றாமவர். நம் வேலைக்கு வேண்டியவர் நடுவில் இருப்பவர்.

பேராக்கில் இந்த நடுத்தலைவர்களின் கை ஏன் இவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதற்குக் கணக்கைப் பார்த்தால் போதும். 2022 நவம்பர் தேர்தலில் மொத்தம் 59 இடங்கள். பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு 26, நம்பிக்கைக் கூட்டணிக்கு 24, தேசிய முன்னணிக்கு 9. பெரும்பான்மைக்கு வேண்டிய 30 யாருக்கும் தனியாக இல்லை. நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. அந்த ஆட்சியின் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) சாரணி முகமட் அந்த ஒன்பது பேர் கொண்ட தரப்பிலிருந்து வந்தவர். அதிக இடம் பிடித்த பெரிக்காத்தான் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. இப்படிப் பல கட்சிகள் தோள் சேர்ந்து நிற்கும் ஆட்சியில், ஒரு கட்சிக்காரர் எழுப்பும் கேள்வி இன்னொரு கட்சிக்காரரின் இலாகாவைச் சுட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு குழுத் தலைவரும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்.

பழைய காயமும் உண்டு. 2009 பிப்ரவரியில் 31க்கு 28 என்றிருந்த பேராக் ஆட்சி, மூன்றே உறுப்பினர்கள் விலகியதில் கவிழ்ந்தது. அவர்களில் ஒருவர் தெற்கே பேராங் தொகுதிக்காரர். அதே ஆண்டு மே 7 அன்று, கவிழ்ந்த தரப்பைச் சேர்ந்த சபாநாயகர் வீ. சிவகுமாரை அவையிலிருந்து இழுத்துச் சென்றபோது எங்கள் வீட்டில் அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே அவருக்குப் பெரிய விஷயம். மூன்று பேர் போனால் ஆட்சியே போகும் என்பதைப் பார்த்த மாநிலம் இது. உறுப்பினர்களைக் கட்சிகள் கயிறு கட்டி வைத்திருப்பது எனக்கு அதனால் புரிகிறது. புரிகிறது என்பதற்காக எங்கள் காத்திருப்பு குறைந்துவிடவில்லை.

குழுத் தலைவரைப் பார்க்க நேரம் வாங்கியது எளிதாக முடிந்தது. அவருடைய உதவியாளர் தொலைபேசியிலேயே தேதி கொடுத்தார். போனோம், கேட்டார், கேள்வியை எழுதித் தாருங்கள் என்றார். எங்கள் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் நல்ல மலாயில் எழுதிக் கொடுத்தான். நில எண்ணைத் தோட்டத்தின் பழைய கிராணி (எழுத்தர்) வைத்திருந்த நிலப்பட்டா நகலிலிருந்து எடுத்துப் போட்டேன்.

அந்த எண்தான் எங்களை வீழ்த்தியது.

பத்து நாள் கழித்து உதவியாளர் அழைத்தார். "அக்கா, இந்த எண்ணில் நிலமே இல்லையாம்." தோட்டத்தை விற்றபோது துண்டு பிரித்திருக்கிறார்கள். பழைய எண் இரத்தாகி, மூன்று புதிய எண்கள் வந்திருக்கின்றன. இடுகாடு இருப்பது எந்தத் துண்டில் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கி ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு விற்க வேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அந்த அனுமதி பேசப்பட்ட நாளிலேயே இடுகாட்டைப் பற்றி யாராவது வாய் திறந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. நாங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தோம்.

நில அலுவலகத்துக்கு ஓடினேன். முதல் நாள் கணினி வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் முகப்பிலிருந்தவர், "நீங்கள் உரிமையாளரா? இல்லையென்றால் ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நிலப் பதிவைத் தேடிப் பார்க்கலாம். உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. இதை நான் மெல்லிய குரலில் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை பின்னாலிருந்த மேலதிகாரி எழுந்து வந்து பாரத்தைக் கொடுத்தார். வரைபடத்தில் மூன்றாவது துண்டின் தென்மேற்கு மூலையில், வாய்க்காலை ஒட்டி, எங்கள் இடுகாடு. அதற்கென்று ஒரு கோடுகூட வரைந்திருக்கவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இடம்.

அதற்குள் கேள்விகளைக் கொடுப்பதற்கான கெடு முடிந்துவிட்டது. கூட்டம் தொடங்குவதற்குப் பல நாட்களுக்கு முன்பே கேள்விகள் சட்டமன்றச் செயலகத்தில் சேர்ந்துவிட வேண்டும். ஒரு கெடுவைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்தான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதம் ஓடிவிடக் கூடாது என்று அரசமைப்பு சொல்கிறது. அப்படியென்றால் ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நீங்கள் காத்திருக்க நேரலாம் என்று பொருள். கூட்டம் எப்போது என்று கேட்காதீர்கள். கேள்விக்குக் கடைசி நாள் எது என்று கேளுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் நிர்வாகக் குழுவில் சண்டை வந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம், அவர்களுக்குத் தடை இல்லை, உடனே கேட்பார்கள் என்றார் பொருளாளர். கோவிலுக்கு வரும் மானியம் நின்றுவிடும் என்று இன்னொருவர் பயந்தார். நான் பொருளாளர் பக்கம். செத்தவர்களுக்குக் கட்சி இல்லை. கடைசியில், அடுத்த கெடுவுக்குள் ஆளும் தரப்பில் போகவில்லையென்றால் அந்தப் பக்கம் போவது என்று தீர்மானம் எழுதி, அதை நம் உறுப்பினருக்கே தெரிவித்தோம். மறைக்கவில்லை. இரண்டே நாளில் குழுத் தலைவரின் உதவியாளர் அழைத்து, சரியான எண்ணோடு கேள்வியை வாங்கிக்கொண்டார். இந்த முறை நகலில் முத்திரை வாங்கினேன்.

ஆண்டுக் கடைசியில் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் எங்கள் கேள்வி பட்டியலில் ஏறியது. ஈப்போவில் பேராக் டாருல் ரிட்சுவான் கட்டடத்தில், பார்வையாளர் மாடத்தில் நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். கோவில் தலைவர் சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். ஒவ்வொரு கேள்வியாக நகர்ந்தது. ஒருவருடைய கேள்விக்குத் துணைக் கேள்வி, அதற்கொரு துணைக் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கேள்விக்கு முன்னால் இன்னும் ஐந்து கேள்விகள் இருக்கும்போது நேரம் முடிந்ததாகச் சபாநாயகர் அறிவித்தார். மிச்சமுள்ளவற்றுக்கு எழுத்தில் பதில். எங்கள் உறுப்பினர் தயாரித்து வைத்திருந்த துணைக் கேள்வி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. உங்கள் கேள்வியை உறுப்பினர் தம் கேள்விகளில் எத்தனையாவதாகக் கொடுக்கிறார் என்று முன்பே விசாரித்து, முதலாவதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை, மூன்றாவதாகப் போயிருந்தது.

கோவில் தலைவர் படியிறங்கும்போது அழுதார். நான் அழவில்லை, ஆனால் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

எழுத்துப் பதில் மூன்று பத்திகளில் வந்தது. இடுகாடு இருப்பதை அரசு அறியும் என்பது முதல் பத்தி. அந்தப் பகுதியை உரிமையாளர் அரசிடம் ஒப்படைப்பது குறித்துப் பேச்சு நடத்தப்படும், ஒப்படைத்தால் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுப் பயன்பாட்டு நிலமாக அரசிதழில் ஒதுக்க வழி உண்டு என்பது இரண்டாவது. அதுவரை பாதை தடையின்றி இருக்க ஏற்பாடு செய்யப்படும் என்பது மூன்றாவது. வாய்மொழியாக வந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். இது கையொப்பத்தோடு கையில் இருக்கிறது. கோவில் தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார். முதலில் பத்து நகல் எடுத்து வைத்தேன்.

அந்தத் தாளைக் காட்டித் தோட்ட நிர்வாகத்தோடு பேசியபோது நிர்வாகி அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார். இரண்டாவது சாவி ஒன்று கோவிலில் தொங்குகிறது, அம்மன் சன்னிதிக்குப் பக்கத்துச் சுவரில், மஞ்சள் கயிற்றில். அம்மாவின் திதியன்று நானே போய்க் கதவைத் திறந்தேன். பூட்டின்மேல் அதே நீலப் பை. ரப்பர் வளையம் இற்றுப் போயிருந்ததால் புதிதாக ஒன்று போட்டுவிட்டு வந்தேன்.

நில அளவை இன்னும் நடக்கவில்லை. அரசிதழ் அறிவிப்பும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கான கெடுவை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். தொடர் கேள்வியும் எழுதியாகிவிட்டது, இந்த முறை முதலாவதாக. உங்கள் தோட்டத்திலும் இதே சிக்கல் இருந்தால், முதலில் இடுகாடு எந்த நில எண்ணில் இருக்கிறது என்று பதிவைத் தேடி எடுங்கள். பழைய பட்டாவை நம்ப வேண்டாம்.