பரணில் ஏறிய ஊறுகாய் ஜாடி

அல்சர் என்று தெரிந்த நாளிலேயே அம்மா ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள். அதன் பிறகு ஆறு வருஷம் மோர்சாதம், துவையல்கூட இல்லாமல். போன வருஷம் எண்டோஸ்கோப்பியில் துணுக்கு எடுத்துப் பார்த்த டாக்டர், "ஹெச். பைலோரி" என்று 14 நாளைக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் எழுதினார்.

கிருமிதானா! அன்று சாயங்காலமே பரோட்டா, சால்னா. ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தள்ளுபடி செய்தது 'காரம்தான் புண்ணை உண்டாக்கியது' என்பதை மட்டும். 'இருக்கிற புண்ணில் காரம் பட்டால் எரியும்' என்பது தனிக் காலில் நிற்பது. நான் இரண்டையும் சேர்த்துக் கடாசியிருந்தேன்.

நம்பிக்கைகளைத் திருத்துவதற்கென்றே தர்க்கத்தில் ஒரு துறை உண்டு. 1985-ல் அல்சுரோன், யேர்டன்ஃபோர்ஸ், மேக்கின்சன் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. ஒன்றைக் கைவிடும்போது தேவைக்கு மேல் எதையும் இழக்காதே என்பது அதன் அடிப்படை. சிக்கல் எங்கேயென்றால், மூன்று நம்பிக்கைகள் சேர்ந்து முரண்படும்போது மூன்றும் ஒன்றாக நிற்காது என்றுதான் தர்க்கம் சொல்லும். எதை விடுவது? அதற்கு எது ஆழமாக வேரூன்றியது என்ற வரிசை தனியாக வேண்டும்.

என் வயிற்றுக் கிருமியின் கதையும் இதுதான். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரன் என்ற டாக்டர் இரைப்பைத் துணுக்கில் இதே சுருள் கிருமிகளைப் பார்த்தார். 'வயிற்று அமிலத்தில் கிருமி பிழைக்காது' என்பதுதான் பலருக்கு ஆழமான வேர். அதனால் வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்கும் என்று ஒதுக்கினார்கள். 1984-ல் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த பாரி மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். (வந்தது இரைப்பை அழற்சிதான், அல்சர் இல்லை. அதையும் விட்டுவிடாமல் சொல்லவேண்டும்.) இருவருக்கும் 2005-ல் நோபல். அப்போதும் பழைய நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை. அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லத்தான் செய்கிறது. இது மட்டும் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. திருத்தம் அவ்வளவுதான்.

மறு பரிசோதனையில் கிருமி இல்லை. ஜாடி இறங்கியது. "அப்ப ஆறு வருஷமா நான் வச்ச பத்தியம் தண்டமாடா?" என்றாள் அம்மா. எரியாமல் காப்பாற்றியது அதுதான் என்றேன். நம்பினாளோ என்னவோ.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் காபி கேட்டேன். "முதல்ல ரெண்டு இட்லி. கிருமி போனா பசி போயிருமா?"

தின்றேன்.