ஒரு முழங்கால் அறுவையும் வீணான ஆறு வாரங்களும்

பந்தை விரட்டிய எங்கள் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். மாத்திரை கொடுக்கும் வரை நொண்டல் குறைவதும், நிறுத்தியதும் திரும்புவதுமாக ஆறு வாரங்கள் வீணாயின. அந்நாட்களில் உட்காரும்போதெல்லாம் அவள் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டியே வைத்திருந்தாள். முழங்கால் லிகமென்ட் (மூட்டின் எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்த நாய்கள் பெரும்பாலும் அப்படித்தான் உட்காரும் என்பதை எவரும் எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டாவது மருத்துவர் மயக்க ஊசி போட்டபின் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ள, அது மேசை இழுப்பறையைப் போல நகர்ந்தது. லிகமென்ட் கிழிந்ததற்கான அடையாளம் அது. விழித்திருக்கும் நாய் தசைகளை இறுக்கிக்கொள்வதால் இச்சோதனை பொய்த்துப்போகலாம் என்றார்.

அதன்பின்னும் ஒரு பயணம் வீணானது. கையோடு கொண்டுபோன பழைய எக்ஸ்ரேயை அறுவை மருத்துவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்புச் சரிவை அளக்கத்தான் படம் வேண்டும், அதற்கு முழங்காலும் கணுக்காலும் ஒரே படத்தில் நேர் பக்கவாட்டில் விழ வேண்டும். எங்கள் படமோ பாதிக் காலோடு நின்றிருந்தது! இன்னொரு நாள், இன்னொரு மயக்க ஊசி. படம் எடுக்குமுன் அறுவை மருத்துவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பத்து நான்கு கிலோ எடையுள்ளவள் என்பதால், மூட்டுக்கு வெளியே நைலான் இழை கட்டும் முறையை விடுத்து, எலும்பை வளைவாக அறுத்துத் திருப்பித் தகடு பொருத்தும் டி.பி.எல்.ஓ. முறையைத் தேர்ந்தோம். இதில் அறுந்த நாரைத் தைப்பதில்லை. சுமார் 25 பாகையாக இருந்த சரிவை 5 பாகையளவுக்குக் குறைத்து, நார் இல்லாமலேயே மூட்டு நழுவாதபடி செய்கிறார்கள். அறுவை குறையின்றி முடிந்தது.

சோதனை வீட்டில்தான் தொடங்கியது. காயத்தை நக்காமலிருக்க மாட்டியிருந்த கழுத்துக் கூம்பை, பாவம் என்று சாப்பாட்டு வேளையில் கழற்றினேன். பத்தே நிமிடத்தில் நக்கி இரண்டு தையல்களைப் பிரித்துவிட்டாள். இரண்டாம் வாரமே காலை ஊன்றத் தொடங்கியவளைக் கட்டி வைப்பது அதைவிடக் கடினமாக இருந்தது, ஏனெனில் வலி குறைந்துவிட்ட நாய்க்கு எலும்பு இன்னும் கூடவில்லை என்று புரியவைக்க முடியாது. எட்டாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது.

ஒரு முழங்கால் போன நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு மற்றதும் போய்விடுமாம். எடையை நான்கு கிலோ குறைத்திருக்கிறோம். அவள் உட்காரும்போதெல்லாம் என் கண் இப்போது அடுத்த காலின் மேல்தான்.