ஒரே ஒரு கெப்பாசிட்டர்

என் கம்ப்யூட்டர் மானிட்டருக்குத் திடீரென்று சோம்பேறித்தனம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் மினுக்கும், படம் வராது. அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, நாலைந்து முறை கெஞ்சினால் கண் திறக்கும். ஒரு மாதத்தில் அந்த நாலைந்து, முப்பது நாற்பது ஆகிவிட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுந்ததும் மானிட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவது. உள்ளே கொஞ்சம் சூடேறி, நான் தலை துவட்டி வரும்போது அதுவும் எழுந்திருக்கும்.

"சூடு ஏறினாத்தான் எழுந்திரிக்குது. உங்க கூடவே இருந்து உங்களை மாதிரியே ஆயிடுச்சு" என்றாள் மனைவி.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பையன் மானிட்டரைத் தொடவே இல்லை. பின்பக்கம் இருந்த நம்பரை மட்டும் தன் திரையில் தட்டிப் பார்த்தான். "போர்டு மாத்தணும் சார். இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்லை. புதுசு எடுத்துக்குங்க." மூன்றே வாக்கியம், இறப்புச் சான்றிதழ் தயார். அந்த மேஜை முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடக் கண்ணில் படவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூட நாளில் ரேடியோவை எல்லாம் கழற்றியவன் நான் (மாட்டினேனா என்பது வேறு விஷயம்). வீட்டுக்கு வந்து மானிட்டரைக் கவிழ்த்தேன். ஸ்க்ரூவே இல்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள்தான். காலாவதியான ஏடிஎம் கார்டைச் சொருகி நெம்ப வேண்டும். ஒவ்வொரு கொக்கியும் 'டக்' என்று விடுபடும்போது என் விலா எலும்பு ஒன்று முறிந்த மாதிரி இருந்தது. பிரான்ஸில் 2021-ல் டிவி, லேப்டாப், போன் போன்ற சாமான்களுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்களாம். கழற்ற முடிகிறதா, ஸ்பேர் கிடைக்குமா, கிடைத்தால் விலை என்ன என்றெல்லாம் பார்த்துப் போடும் மார்க். என் மானிட்டரை அந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்திருந்தால் பேப்பரைத் திருத்துகிறவரே அழுதிருப்பார்.

ஆனால் உள்ளே பார்த்ததும் எனக்கு உற்சாகம் பொங்கியது. பவர் போர்டில் வரிசையாக நின்ற, மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்களில் ஒன்றுக்கு மட்டும் தலை வீங்கியிருந்தது. இந்தக் குட்டி அலுமினிய டப்பாக்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே கீறல் போட்டிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் அந்தக் கீறல் வழியாகப் பிளந்துகொண்டு வெளியேறட்டும் என்று ஒரு முன்னேற்பாடு. 2000-களின் தொடக்கத்தில் மட்டமான மின்பகு திரவம் ஊற்றிச் செய்த கெப்பாசிட்டர்கள் உலகம் பூராவும் கம்ப்யூட்டர் போர்டுகளில் இப்படித்தான் வீங்கி வெடித்தன. பக்கத்தில், மின்சார ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் பழுப்பேறிக் கிடந்தது. சரி, மொத்தம் இரண்டே சாமான். கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம்.

கால் தானாகவே அந்தப் பழைய கடைக்கு நடந்தது.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத இடம். தரையிலிருந்து கூரை வரை தீப்பெட்டி அளவு டிராயர்கள். நடுவில் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெரியவர், கையில் எப்போதும் சால்டரிங் அயர்ன். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது "எதுக்கு?" என்கிற கேள்விதான். ஒரு தரம் 1 ஆம்ப் ஃபியூஸ் மூன்றாவது முறையாகப் போய், "இந்தத் தடவை 5 ஆம்ப் குடுங்க" என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன். "ஃபியூஸ் சரியாத்தான் வேலை செய்யுது தம்பி. உள்ள வேற ஏதோ எரியுது. அதைத் தூக்கிட்டு வா" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். விற்க மறுத்த கடைக்காரரை நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

கரண்ட் ஓடும் போர்டில் கை வைக்கும்போது இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். ரெசிஸ்டரின் நிறக் கோடுகளை நாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது, அவர் தூரத்திலிருந்தே "மஞ்சள், ஊதா, சிவப்பு, நாலு புள்ளி ஏழு கே" என்று நண்பனைக் கூப்பிடுவதுபோலச் சொல்லிவிடுவார். எனக்கு மங்கல் வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். இன்றைக்கும்.

என் முதல் பவர் சப்ளையில் கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். உடம்பில் பட்டையாகக் கோடு போட்டிருக்கும் பக்கம் மைனஸ். அந்தக் கோடு வெறும் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் 'பட்!' அறை முழுக்கக் காகிதத் துணுக்குகள், ஒரு வாரத்துக்குப் போகாத நாற்றம். கடைக்குப் போய், "நீங்க குடுத்தது ரிப்பேர் பீஸ்" என்று தைரியமாகச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் தலைகீழாகத்தான் மாட்டினேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது முறை போனபோது கேள்வியே இல்லை. என் தலை தெரிந்ததும் டிராயரைத் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் அசை போட்டுக்கொண்டே போய் நின்றால், கடையில் டிராயரைக் காணோம். சுவர் முழுக்க போன் கவர்கள் தொங்கின. பூப்போட்டது, புலிப்படம் போட்டது, மினுமினுப்பது. நடுவில் ஒரு இளைஞர்.

"கெப்பாசிட்டர் இருக்கா?"

"எந்த மாடல் போனுக்குண்ணே?"

"போனுக்கு இல்ல. மானிட்டருக்கு."

"மானிட்டருக்கெல்லாம் கவர் வராதுண்ணே."

திரும்பி வந்தேன். இது நம்ம தெருவின் சோகம் மட்டும் இல்லை. 1921-ல் பாஸ்டனில் கப்பல் ரேடியோக்காரர்களுக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கும் சாமான் விற்கத் தொடங்கிய ரேடியோஷாக், கடைசிக் காலத்தில் செல்போன் விற்றுப் பிழைக்கப் பார்த்து 2015-ல் திவால் மனு கொடுத்தது. பிரிட்டனில் மேப்ளின் கடைகள் 2018-ல் மூடின. டோக்கியோவின் அகிஹபாராவில் ரயில் பாலத்தின் கீழே பெட்டிக் கடைகளாக டிரான்சிஸ்டர் விற்ற ரேடியோ ஸ்டோர் 2013-லேயே போய்விட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. முன்பு நூறு பாகம் செய்த வேலையை இப்போது ஐசி என்கிற ஒரே சில்லு செய்கிறது. அதையும் போர்டோடு போர்டாக மாற்றிவிடு என்கிறார்கள். அரிசி குருணையைவிடச் சின்னதாகப் போன ரெசிஸ்டரை டிராயரில் போட்டு யார் எண்ணி விற்பது?

மிச்சம் இருந்தது ஆன்லைன். அங்கே என்னை யாரும் "எதுக்கு?" என்று கேட்கவில்லை. சுதந்திரமாக இருந்தது. அந்தச் சுதந்திரத்தில்தான் கெட்டேன்.

'வோல்ட் கொஞ்சம் கூட இருந்தாப் பரவாயில்லை, குறையத்தான் கூடாது' என்று பெரியவர் சொன்னது நினைவில் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருக்கட்டும் என்று 1000 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் ஒன்றைத் தட்டிவிட்டேன். வந்த பெட்டியைப் பார்த்ததும் சந்தேகம். பிரித்ததும் ஊர்ஜிதம். மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்கு மூடி எங்கப்பா?" என்று கேட்டாள். டம்ளர் அளவு இருந்தது. வோல்ட் ஏற ஏற உடம்பும் பெருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை. அதை மானிட்டருக்குள் வைக்க வேண்டுமென்றால் மானிட்டரைத்தான் அதற்குள் வைக்க வேண்டும்.

ரெசிஸ்டர் கதை இன்னும் மோசம். 4.7 கிலோ ஓம் சரி, 100 எண்ணம் சரி. பக்கத்தில் '0201' என்று போட்டிருந்ததை ஏதோ சரக்கு எண் என்று நினைத்துக்கொண்டேன். அது அளவாம். 0.6 மில்லிமீட்டர் நீளம், 0.3 மில்லிமீட்டர் அகலம். டேப்பில் ஒட்டி வந்த நூறையும் 'ஒரிஜினலா பார்க்கலாம்' என்று வெள்ளைக் காகிதத்தில் உதிர்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தேன். தும்மல் வந்தது.

அவ்வளவுதான். மறுநாள் வீடு பெருக்கும்போது மனைவி, "எதையாவது தேடணுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன்.

மூன்றாவதாக ஒரு ஆர்டர் போட என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. வீங்கிய கெப்பாசிட்டரைக் கழற்றி, ஆளையாவது காட்டிப் பார்ப்போம் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. என் பழைய சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தினால், பற்றவைத்த ஈயம் அசையவே மாட்டேன் என்கிறது. கடைசியில் போர்டையே பையில் போட்டுக்கொண்டு போன் கவர் கடைக்குப் போனேன். போனுக்குப் போர்டு மாற்றுகிறவர்கள் யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நப்பாசைதான்.

இளைஞர் போர்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "அட, இது அப்பா சரக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைப் பேச விடவில்லை. "பெரியவர் இருக்காரா?"

"இருக்காரேண்ணே, வீட்ல. இருங்க" என்று வீடியோ கால் போட்டார். திரையில் முதலில் நெற்றி தெரிந்தது, பிறகு அதே கண்ணாடி. நான் வணக்கம் சொல்லி, யார் எவர் என்று விளக்கி, "ஐயா, ஒரு 1000 மைக்ரோ, 16 வோல்ட் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியமாக.

போர்டைக் கேமராவுக்குக் காட்டினேன். "பக்கத்துல பட்டையா அலுமினியம் நிக்குது பார், அது ஹீட்சிங்க். அந்தச் சூட்டுலதான் இது வெந்திருக்கு. 85 டிகிரி எழுதினதைப் போடாதே, 105 போடு. பத்து டிகிரி கூடுதலா தாங்கினா ஆயுசு ரெட்டிப்பு."

"ஈயம் உருக மாட்டேங்குதுங்க."

"உருகாது. 2006-ல ஐரோப்பாக்காரன் ஈயத்தைத் தடை பண்ணினதும் எல்லாரும் மாறிட்டாங்க. இப்ப போர்டுல இருக்கிறதுல ஈயமே இல்லை. பழசு 183 டிகிரியில உருகும், இதுக்கு 217-க்கு மேல வேணும். உன்கிட்ட இருக்கிற பழைய ஈயத்தை அது மேல கொஞ்சம் வை. ரெண்டும் கலந்து இளகிடும்."

"அந்த ரெசிஸ்டரும் கருகியிருக்கு."

கேமராவில் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார். "அது கருகலை. ஆடாம இருக்க ஊத்தின பசை, சூட்டுல பழுப்பாகியிருக்கு. மீட்டர் வச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. தும்மலில் பறந்த நூறைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

டிராயர்கள் எல்லாம் கடையின் பரணில் இருந்தன. ஏணி வைத்து ஏறினேன். தூசிக்குள் அத்தனையும் அப்படியே. ஆனால் ஒரு டிராயரிலும் பாகத்தின் பெயரோ எண்ணோ கிடையாது. எல்லாமே நோயின் பெயர்கள். 'பேசாத டிவி'. 'முனகும் ஃபேன்'. 'மழைக்கு அப்புறம் வந்தது'. 'அவங்களே கழட்டிப் பார்த்தது'. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் பெரிய டிராயர்.

"என் கெப்பாசிட்டர் எதுல இருக்கும்?" என்று மேலிருந்தே கத்தினேன்.

கீழே போனிலிருந்து குரல் வந்தது. "லேட்டா எழுந்திரிக்கிறதுன்னு போட்டிருக்கும் பார்."

இருந்தது. 105 டிகிரிதான். ஆனால் வருஷக்கணக்காகக் கிடந்த சரக்கு என்பதால், பெரியவர் சொன்னபடி குறைந்த வோல்ட்டில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டுத்தான் போர்டில் வைத்தேன். கோடு எந்தப் பக்கம் என்று மூன்று முறை பார்த்தேன். மானிட்டர் ஒரே அழுத்தலில் எழுந்துவிட்டது. என் குளியல்தான் இப்போது தள்ளிப் போகிறது.

இளைஞருக்குப் பரணில் இடம் வேண்டுமாம், புதுச் சரக்கு கவர் வருகிறதாம். அதனால் டிராயர்கள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டில். மனைவி முதலில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் துடைத்து வைக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு டிராயரைப் படித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் சிரித்தாள். என்னவென்று வாங்கிப் பார்த்தேன்.

உள்ளே ஐந்தாறு கெப்பாசிட்டர்கள். வெளியே, மங்கிப்போன மையில், பெரியவரின் கையெழுத்து: 'தலைகீழா மாட்டுற தம்பிக்கு'.