ரொட்டி தட்டிக்கொண்டே ஒரு திரை விமர்சனம்

தெற்கு ராஜஸ்தானில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் 'ஸ்கேட்டர் கேர்ள்' படத்தை அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ரசித்துப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, வேலை அப்படி. பாதியில் படிப்பை நிறுத்திய பெண்களைச் சில மாதங்கள் ஒரே இடத்தில் தங்கவைத்து, மாநிலத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது எங்கள் முகாமின் பணி. வாரக் கடைசியில் பாடம் முடிந்ததும் அலுவலக லேப்டாப்பில் ஏதாவது ஒரு படம் ஓடும். ஒவ்வொரு முகாமிலும் இந்தப் படம் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. 2021 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான இந்தப் படம் அதே தெற்கு ராஜஸ்தானில், உதய்ப்பூர் மாவட்டத்துக் கேம்பூர் கிராமத்திலேயே எடுக்கப்பட்டது. இயக்கியவர் மஞ்சரி மாகிஜானி, 'ஷோலே'யில் சாம்பாவாக வந்த மாக் மோகனின் மகள். சகோதரி வினதியோடு சேர்ந்து கதை எழுதினார். படப்பிடிப்புக்காகக் கேம்பூரில் சுமார் 14,500 சதுர அடியில், சக்கரப் பலகையில் சறுக்கி விளையாட உண்மையான ஸ்கேட்பார்க் ஒன்றைக் கட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகாமல் அதை ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள். சினிமாக்காரர்கள் ஒரு கிராமத்தில் விட்டுவிட்டுப் போகும் மற்ற பொருள்களை நினைத்துப் பார்த்தால் இது பெரிய காரியம்தான்.

கதை எளிமையானது. சீருடைக்கும் புத்தகத்துக்கும் வழியில்லாமல் பள்ளிக்கூடம் எட்டாக்கனியாகிவிட்ட பீல் பழங்குடிப் பெண் பிரேர்ணா. அவள் தம்பி அங்குஷ், பேரிங் மாட்டிய பலகை வண்டியில் தெருவெல்லாம் சுற்றுபவன். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் கழித்துப் போட்ட பேரிங்கைக் கெஞ்சி வாங்கி நாமெல்லாம் செய்த அதே வண்டி. தந்தையின் பூர்வீகத்தைத் தேடி லண்டனிலிருந்து வரும் ஜெஸ்ஸிகா அதைப் பார்க்கிறாள். பிள்ளைகள் கைக்கு ஸ்கேட்போர்டு வருகிறது. ஊரே அமளிப்பட, பெரியவர்கள் தடை போடுகிறார்கள். வஹீதா ரஹ்மான் நடித்த மகாராணி நிலம் கொடுக்க, பார்க் எழும்புகிறது. கடைசியில் போட்டி நாளும் பிரேர்ணாவின் கல்யாண நாளும் ஒன்றாக வந்து நிற்க, அவள் கல்யாண வீட்டை விட்டுப் போட்டிக்கு ஓடுகிறாள்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் நடத்த அலுவலகம் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தது. 'பிரேர்ணாவிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்பது முதல் கேள்வி. பெண்கள் வரிசையாக எழுந்து நிற்பார்கள். "கனவைக் கைவிடக் கூடாது, தீதி (அக்கா)." "பெண்களால் எல்லாம் முடியும், தீதி." எல்லோர் முகத்திலும் ஒரே பாவனை. எந்தப் பதிலைச் சொன்னால் தீதி உட்காரச் சொல்வாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தொண்டு நிறுவனங்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த மாவட்டம் அது. எனக்கு நேர்மாறாக, என் சக ஊழியர் ஒருவர் அந்தப் பதில்களை மெய்யாகவே நம்பிக் கண்கலங்குவார். நல்ல மனிதர், அறிக்கை எழுதுவதில் கெட்டிக்காரர்.

உண்மையான பேச்சைக் கேட்க வேண்டுமானால் சமையலறைக்குப் போக வேண்டும். இரவு ரொட்டிக்கு முறைவைத்து ஆள் போட்டிருந்தோம். அங்கே மக்காச்சோள ரொட்டிதான். கோதுமை மாவுபோல அதை உருட்டுக்கட்டையால் தேய்க்க முடியாது, விண்டுபோகும். வெந்நீர் விட்டு, உள்ளங்கை அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திப் பிசைந்து, ஈரக்கையில் இப்படியும் அப்படியும் மாற்றித் தட்ட வேண்டும். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு முழு விடுமுறை. எனக்கு ரொட்டி வட்டமாக வராது என்பதால் அடுப்பு எரிக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து கேட்ட விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

முதலில் எழுந்தது தண்ணீர்ப் பிரச்சினை. பகலெல்லாம் பிரேர்ணா சறுக்கிக்கொண்டிருந்தால் குடத்தை யார் தூக்கியது? ஆட்டை யார் ஓட்டிப் போனது? அம்மாதான் என்று ஒருத்தி சொல்ல, அப்படியானால் அந்த அம்மாவுக்கு யார் படம் எடுப்பது என்று இன்னொருத்தி கேட்டாள். அங்குஷைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. அக்கா பலகையைத் தொட்டால் குற்றம், அவன் தொட்டால் விளையாட்டு. இந்தப் பகுதி அப்படியே எங்கள் வீடு என்று எல்லோரும் ஒருமனதாகப் படத்துக்கு மதிப்பெண் போட்டார்கள்.

சறுக்கும் காட்சிகளுக்கும் முழு மதிப்பெண். நிஜப் பிள்ளைகளைப் பழக்கி நடிக்கவைத்ததன் பலன் அது. கேம்பூர் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி அந்தப் பார்க்கை நேரில் பார்த்தவள். செங்குத்துச் சரிவின் விளிம்பில் பலகையின் வாலை மிதித்து, முன்சக்கரங்கள் அந்தரத்தில் நிற்க, மற்றக் காலை முன்பக்கம் வைத்து உடம்பை முன்னே தள்ளி இறங்க வேண்டும் என்று அடுப்படியில் நின்று காட்டினாள். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே பறந்துவிடும், பின்மண்டை சிமெண்டில் மோதும். பயத்தில் உடம்பு பின்னால்தான் போகப் பார்க்குமாம். தட்டிய மாவோடு இரண்டு பேர் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள்.

கல்யாண வீட்டிலிருந்து ஓடும் காட்சியில்தான் படம் அவர்களிடம் மாட்டிக்கொண்டது.

நான் எதிர்பார்த்தது கைதட்டல். முதல் முறை பார்க்கும்போது தட்டவும் செய்தார்கள். ஆனால் அடுப்படியில் அந்தக் காட்சியைக் கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டினார்கள். ராஜஸ்தானில் 'ஆட்டா-சாட்டா' என்று ஒரு வழக்கம் உண்டு. இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுக்குக் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுப் பையனுக்கு எடுப்பது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நமக்கும் புதிதல்ல என்றாலும் அங்கே அதன் பிடி இறுக்கமானது. ஒருத்தி ஓடினால் அவள் அண்ணனுக்குக் கொடுத்த தங்கள் பெண்ணை எதிர்வீட்டார் திருப்பி அழைத்துக்கொள்வார்கள், அண்ணன் குடும்பம் உடையும். சாதிப் பஞ்சாயத்து கூடி நஷ்டஈடு பேசும், ஒரு வருட விளைச்சல் அதிலேயே போகும். "பிரேர்ணாவுக்கு என்ன, தம்பி சின்னப் பையன். மாற்றுக்குக் கொடுத்த பெண் யாரும் இல்லை. ஓடலாம்" என்றாள் ஒருத்தி. அவளுடைய அண்ணன் கல்யாணம் அவளை ஈடுவைத்து நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

1098-க்கு அழைத்திருக்கலாமே என்று கேட்டேன். குழந்தைகள் உதவி எண்ணை முகாமின் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யவைத்திருந்தோம். அழைத்தால் அன்றைய கல்யாணம் நிற்கும், அடுத்த மாதம் மாமன் ஊரில் வைத்து முடித்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. நாம் தங்கம் வாங்க வரிசையில் நிற்கும் அட்சய திருதியை அங்கே கூட்டங்கூட்டமாகக் குழந்தைத் திருமணம் நடக்கும் நாளாகப் பெயர் பெற்றது. நிலைமை மாறாமலும் இல்லை. ராஜஸ்தானில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 18 நிறையுமுன் மணமானவர்கள், நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 35.4 விழுக்காடாக இருந்து ஐந்தாவதில் 25.4 ஆகக் குறைந்திருக்கிறார்கள். ஆனாலும் நால்வரில் ஒருத்தி. எங்கள் அடுப்படியில் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.

நகரத்து விமர்சகர்கள் இந்தப் படத்தின்மேல் வைத்த முக்கியமான குறை வேறு. ஒரு கிராமத்துப் பெண்ணைக் கரையேற்ற லண்டனிலிருந்து ஒருத்தி வரத்தான் வேண்டுமா என்பது. டெல்லியிலிருந்து வந்த எங்கள் நன்கொடையாளர் குழுவும் இதையே நீட்டி முழக்கியது. நியாயமான கேள்விதான். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற ஊரில், உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 2015-இல் ஒரு ஸ்கேட்பார்க்கைத் தொடங்கினார். பள்ளிக்கு வராதவர்களுக்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம் என்பவை அங்கே சட்டம். அங்கே பழகிய ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டி வரை போனார். படம் வந்ததும் இது அந்த ஊர்க் கதைதான் என்ற பேச்சு கிளம்பியது, படக்குழு மறுத்தது. நான் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. வெளியூர்ப் பெண் ஒருத்தி பலகையோடு வருவது முழுக்கக் கற்பனை இல்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

வெளியூர்க்காரி வந்தது பற்றி எங்கள் பெண்களுக்குப் புகார் எதுவுமில்லை. வந்தவள் திரும்பிப் போனபின் பார்க் சாவி யாரிடம் இருக்கும், விரிசல் விட்டால் சிமெண்டுக்குக் காசு யார் தருவார் என்பதுதான் அவர்கள் கேள்வி. அதைக் கேட்டுவிட்டு ஒருத்தி என் பக்கம் திரும்பி, "உங்கள் திட்டம் எந்த வருடம் முடிகிறது, தீதி?" என்றாள். அதில் குத்தல் எதுவுமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். மூன்றாண்டு நிதி, அதில் பாதி போய்விட்டது என்றேன். "அப்படியானால் தேர்வுக் கட்டணத்தை இப்போதே கட்டிவிடுங்கள்" என்றாள்.

கட்டணத்துக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று விசாரித்தபோது அவர்கள் படத்துக்கு வைத்திருந்த மாற்று முடிவும் வெளிவந்தது. பிரேர்ணா ஓடியிருக்கவே வேண்டாமாம். போட்டிக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, அப்பா கையாலேயே பணத்தைக் கட்டவைத்து, முத்திரை குத்திய ரசீதை வீட்டு அலமாரியில் வைத்திருக்க வேண்டுமாம். கட்டிய பணத்தை வீணாக்க எந்த அப்பனுக்கும் மனம் வராது. முகூர்த்தம் அடுத்த வருடத்துக்குத் தானாகத் தள்ளிப்போகும். அந்த வருடம் தேறாமல் போனால் மறுபடியும் கட்டலாம். திறந்தநிலைப் பள்ளியில் திரும்பத் திரும்ப எழுத வாய்ப்பு உண்டு என்பதை நாங்கள் சொல்லிக்கொடுத்தது படிப்புக்காக, அவர்கள் குறித்துக்கொண்டது இதற்காக.

இது பலிக்குமா என்று கேட்டேன். ஏற்கெனவே ஒருத்தி கணக்கில் இரண்டு முறை தோற்றுவிட்டாளாம். கணக்கில் அவள்தான் முகாமிலேயே முதல். சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்த சிரிப்பில் ஒரு ரொட்டி அடுப்பில் விழுந்தது. அந்தக் கெட்டிக்காரி தலை நிமிராமல் அடுத்த உருண்டையைத் தட்டிக்கொண்டே, "இந்த வருடம் தேறிவிடுவேன், தீதி. பன்னிரண்டாம் வகுப்புக்கும் கட்டணம் உண்டல்லவா?" என்றாள்.